மதினியின் மூக்கு

போடிமெட்டுக்குப் போகும் சாலையில் நான் தையல் கடை போட்ட புதிதில், பக்கத்துக் கடைக்காரப் பெண் பார்க்க வந்தாள். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. வாசலில் நின்றபடி மூச்சை ஒரு இழுப்பு இழுத்தாள். "மெஷினுக்கு இப்பத்தான் எண்ணெய் போட்டிருக்க. காலையில ரசம் வச்சிருக்க, காயம் கூடிப்போச்சு. அந்த மரப்பெட்டிக்குப் பின்னாடி எலி ஏதோ செத்துக் கெடக்கு, வெரசா எடுத்துப் போடு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாதவள் வந்து நம் ரசத்துக்குக் குற்றம் சொன்னால் யாருக்குத்தான் வராது? அவள் போன பிறகு பெட்டியை நகர்த்திப் பார்த்தேன். எலி கிடந்தது.

அவள் புருஷன் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட, நான் அவரை அண்ணே என்று கூப்பிட, அந்த வகையில் அவள் எனக்கு மதினி ஆனாள். நான் அவளுக்கு நாத்தனா. உறவு அமைந்தது போதாதா, அன்றிலிருந்து என் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே உள்ளே என்ன குழம்பு என்று சொல்லிக் கேலி பேசுவதை அவள் உரிமையாகவே எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் கடையின் முன்பக்கம் ஏலக்காய், மிளகு, கிராம்பு என்று மலைக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கி வாங்கும் சாமான்கள் இருக்கும். போடியில் ஏலக்காய் விற்காத கடைதான் அதிசயம். அதற்காக யாரும் மதினியைத் தேடி வரவில்லை. உள்ளே, வெயில் படாத சுவரோரம், மூடி இறுக்கமான டின்களில் அவள் வைத்திருந்த பேரீச்சை, உலர்திராட்சை, அத்திப்பழம், ஆப்ரிகாட் இவற்றுக்காகத்தான் வந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு, ரத்தம் குறைந்தவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு என்று வாங்கிப் போகிற பழம். கெட்டுப்போனதைக் கொடுத்தால் யார் வயிற்றில் போய் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. மதினி கடையில் கெட்டது வராது என்று சிலமலை வரைக்கும் பேச்சு. கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது, ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "மோந்து பாக்குற அம்மா கடை" என்றுதான் ஜீப்பு டிரைவர்கள்கூட ஆளை இறக்கிவிடுவார்கள்.

மோந்து பார்க்காமல் அவள் எதையும் நிறுத்துக் கொடுத்ததில்லை. டின்னைத் திறந்ததும் முகத்தை உள்ளே விட்டு ஒரு இழுப்பு. பிறகு தராசுத் தட்டில் கொட்டியதும் ஒரு இழுப்பு. திராட்சையில் புளித்த கள் வாசம் லேசாகத் தட்டினாலும் அந்த டின்னையே ஒதுக்கிவிடுவாள். "ஒரு பழந்தானே, எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தக் குடு" என்று அண்ணன் கெஞ்சுவார். "ஒண்ணு பூத்தா பக்கத்துல உள்ளது சும்மாவா இருக்கும்? கண்ணுக்குத் தெரியாம எறங்கியிருக்கும். உனக்கு என்ன தெரியும், பொடி மூக்கு" என்பாள். அண்ணனுக்கு மூக்குப்பொடி போடுகிற பழக்கம். இடுப்பில் பொடி மட்டை எப்போதும் இருக்கும். பக்கத்தில் பழம் அழுகிக் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது என்று ஊர் முழுக்க மதினியே சொல்லி வைத்திருந்தாள். அவரும் சிரித்துக்கொள்வார். கர்ச்சீப்பும் கையுமாகத் தும்மிக்கொண்டே கடைக்கு வெளியே நின்று வியாபாரத்தைப் பார்ப்பார், பழ டின்கள் பக்கம் போக அவருக்கு அனுமதி இல்லை.

மாலையில் எஸ்டேட்டிலிருந்து ஜீப்புகள் இறங்கும். ஏலக்காட்டு மழையில் நனைந்த பெண்கள் கடைக்குள் வந்ததும் டின் பக்கம் கை நீட்டுவார்கள். மதினி பாய்ந்து ஒரு துண்டை நீட்டுவாள். "கையத் தொடச்சிட்டுத் தொடு. ஈரக்கை பட்டா நாலு நாள்ல எல்லாம் ஒட்டிக்கிட்டு உருண்டையாப் போகும்" என்பாள். குரங்கணிப் பக்கமிருந்து மேகம் இறங்கி ஊரே நமுத்துக் கிடக்கும் நாட்களில் டின்களைத் திறக்கவே மாட்டாள். அப்படி ஒரு நாளில் வேன் நிறைய வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள் அத்திப்பழம் கேட்டார்கள். "இன்னைக்கு இல்ல, வெயிலடிக்கட்டும்" என்றாள். கடை நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்கிறாளே என்று அவர்கள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன், ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைப்பதுபோல் குனிந்துகொண்டேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டே வேன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயிலில் போட்டு எடுத்த பழத்தையும் சூட்டோடு டின்னில் அடைக்க விடமாட்டாள். சூடு ஆறும்போது டின்னுக்குள் வேர்த்துவிடும், அந்த வேர்வை போதும் பூசணம் பிடிக்க என்பாள். பழைய சரக்கின் தலையில் புதுச் சரக்கைக் கொட்டமாட்டாள். இந்த ஊரில் பாயசத்தில் இருந்து பாக்குப் பொட்டலம் வரைக்கும் எதற்கும் ரெண்டு ஏலக்காயைத் தட்டிப் போடுகிற வழக்கம் உண்டு. பழ டின்னிலும் போட்டு வைப்பார்கள், மணமாக இருக்கும் என்று. மதினிக்கு அது ஆகவே ஆகாது. "ஏலக்கா வாசம் எல்லாத்தையும் அமுக்கிரும். பழம் உள்ள செத்துக் கெடந்தாலும் மேல மணந்துக்கிட்டு இருக்கும். எனக்கு அது கெட்டுப்போறது தெரியணும்" என்பாள்.

ஒரு தடவை அவள் கொடுத்த அத்திப்பழத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்து, மூக்கு மூக்கு என்று பீற்றிக்கொள்கிறாளே, இது என்ன லட்சணம் என்று நான் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். மதினிக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ, வந்து கூடையில் கைவிட்டு எடுத்தாள். விரலை நாக்கில் தொட்டு அந்த வெள்ளையைத் தேய்த்தாள். கரைந்துவிட்டது. "இது சீனிடி. பழத்துக்குள்ள இருக்குற இனிப்பு வெளிய வந்து ஒறஞ்சிருக்கு. பூசணம்னா பஞ்சு மாதிரி மயிர் விட்டு நிக்கும், கரையாது, மண்ணு வாசம் வரும். நல்லதத் தூக்கி எறியுற, நாளைக்குக் கெட்டதத் திம்ப" என்று கடைத்தெருவே கேட்கத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு அந்தப் பழத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கொடுத்தாள், குப்பைக் கூடை பட்டது என்பதற்காக. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் வேறு என்னவோ வந்துவிடுகிறது.

கொரோனா வந்த வருஷம் எங்கள் தெருவில் எல்லோரும் படுத்து எழுந்தோம். எனக்கும் வாசம் போயிற்று. கொஞ்ச நாளில் திரும்பியது. அண்ணனும் மதினியும் ஒன்றாகப் படுத்தார்கள், அண்ணன் முதலில் எழுந்தார். மதினி இளைத்துப் போய்க் கடைக்கு வந்தாள். "உனக்கு மூக்கு எப்படி இருக்கு மதினி?" என்று கேட்டேன். "என் மூக்குக்கு என்னடி கொள்ளை? உன் மூக்கப் பாத்துக்க" என்றாள். டின்னைத் திறந்தாள், முகத்தை விட்டாள், இழுத்தாள், நிறுத்துக் கொடுத்தாள். எல்லாம் முன்போலத்தான் நடந்தது.

ஒரே ஒரு வித்தியாசம் என் கண்ணில் பட்டது. நிறுக்கும் முன் வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகப் பழத்தை நீட்டி, "நீயே மோந்து பாரு ஆத்தா" என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர்கள் மோந்து பார்க்கும்போது மதினி அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பாள். வியாபாரத் தந்திரம் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் அவள் அத்திப்பழ டின்னைத் திறந்தபோது ஏலக்காய் மணம் என் கடை வரைக்கும் வந்தது. எட்டிப் பார்த்தேன், பழத்துக்கு நடுவே ஏலக்காய் கிடந்தது. "என்ன மதினி, ஊரோட ஒத்துப் போயிட்ட?" என்றேன். "கேக்குறாங்கடி, போடச் சொல்லி" என்று மூடியை அழுத்தினாள். அவள் அப்படி யார் பேச்சையும் கேட்கிறவள் இல்லை. எனக்கு மனசுக்குள் என்னவோ உறுத்தியது, ஆனால் தைக்க வேண்டிய துணி மலைபோல் கிடந்தது, அத்தோடு விட்டுவிட்டேன்.

அதே சமயத்தில் அண்ணன் பொடியை விட்டார். நாற்பது வயதிலிருந்து மதினி திட்டியும் விடாத பொடி. "மாலை போட்டிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டதற்கு, "வயசாகுதுல்ல தங்கச்சி" என்றார். பொடியை விட்ட மனுஷன் விடிந்ததும் எழுந்து கடைக்கு வரவும் ஆரம்பித்தார். மதினி சமையல் சோலி முடித்து வருவதற்கு நேரமாகும். நான் சீருடைத் துணி தைக்கச் சீக்கிரம் வருகிற நாட்களில், அவர் டின்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். என்னிடம் கத்தரிக்கோலை இரவல் வாங்கி, அத்திப்பழத்தை ரெண்டாகக் கீறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பேரீச்சையைப் பிதுக்குவார். எதையோ காகிதத்தில் பொதிந்து ஓடைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார். மதினி வரும்போது எல்லா மூடியும் இறுக்கமாக இருக்கும், அண்ணன் வெளியே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண்டாட்டி இல்லாத நேரத்தில் முதலாளி வேலை பார்த்துப் பழகுகிறார் என்று நான் உள்ளுக்குள் கேலி செய்துகொண்டேன்.

மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆளைத்தான் கொண்டுவந்தார்கள், உயிரில்லை. மதினி அழுததை நான் எழுதப்போவதில்லை. ஒரே மகள் திருப்பூரில் இருக்கிறாள், வந்து காரியம் முடியும்வரை இருந்தாள். "என்கூட வந்துரும்மா" என்றாள். "கடைய யாரு பாப்பா?" என்று மதினி மறுத்துவிட்டாள். கடை இருந்தால்தான் அவளுக்குப் பொழுது நகரும் என்று நாங்களும் நினைத்தோம்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் சிலமலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மதினியிடம் காலம் காலமாக வாங்குகிறவர், மாசமாக இருக்கும் மகளுக்கென்று உலர்திராட்சை வாங்கிப் போயிருந்தார். வந்தவர் சண்டை போடவில்லை. பையைப் பிரித்து நீட்டி, "ஆத்தா, இத ஒரு தடவ மோந்து பாரேன்" என்றார், அவ்வளவுதான். நான் மிளகு வாங்க வந்து அங்கேதான் நின்றிருந்தேன். பையைப் பிரித்ததுமே புளித்த வாசம் குப்பென்று அடித்தது. ஏலக்காய் மணத்தையும் மீறி அடித்தது. திராட்சை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் சாம்பல் நிறத்தில் மயிர் விட்டிருந்தது. கிட்டப் பார்வைக்குப் போடுகிற கண்ணாடியை மதினி அன்று போடவில்லை, அடியில் இருந்த பூசணம் அவள் கண்ணில் படவில்லை. பையை வாங்கி முகத்தில் வைத்து, எப்போதும்போல் ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தாள்.

"நல்லாத்தானே ஆத்தா இருக்கு" என்றாள்.

கடையில் நின்ற ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். மதினி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துப் பார்த்துக் கடைசியில் என் முகத்தில் வந்து நின்றாள். சிலமலை அம்மாதான் முதலில் அசைந்தார். பையை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி, "பரவாயில்லத்தா, எம்மக இன்னும் திங்கல. நீ உக்காரு" என்றார். திட்டியிருந்தால்கூட மதினி தாங்கியிருப்பாள்.

எல்லோரும் போன பிறகு மதினி டின்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். "காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு ஒண்ணுமே தெரியலடி. பூ தெரியல, சாம்பார் தெரியல. டாக்டர் வரும் வரும்னாரு, வரவே இல்ல. வெளிய சொன்னா கடை போயிருமேன்னு யாருகிட்டயும் சொல்லல. அவருகிட்டக்கூடச் சொல்லல. என்னென்னமோ செஞ்சு ஒப்பேத்தினேன். ஏலக்காயப் போட்டேன், ஆளுங்க மூஞ்சியப் பாத்தேன். ஆனா ஒண்ணு, அவரு இருந்த வரைக்கும் ஒரு பழங்கூடக் கெடலையே. இப்பப் பாரு, அவரு போனதும்…" என்றவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவள்போல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கும் அப்போதுதான் எல்லாம் சேர்ந்து விளங்கியது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மதினி, அண்ணன் காலையில வந்து எல்லா டின்னையும் தெறந்து பாப்பாரு. பழத்தக் கீறிக் கீறிப் பாப்பாரு. என்னத்தையோ ஓடைல கொண்டுபோய்ப் போடுவாரு" என்றேன்.

"எப்ப இருந்து?"

"காய்ச்சலுக்குப் பெறகுதான்."

"பொடிய விட்டாரே, அதுக்குத்தானா?"

நான் தலையாட்டினேன். மதினி ஒரு டின் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஒரு நாளு பால் அடுப்புல கருகிக்கிட்டு இருந்திருக்கு. நான் பக்கத்துலயே நின்னு வெங்காயம் உரிச்சிட்டு இருக்கேன். அவரோட பொடி மூக்குக்கே எட்டி, வாசல்ல இருந்து வந்து அடுப்ப அமத்தினாரு. என்ன ஏதுன்னு கேக்கல. பாத்திரத்தத் தேச்சு வச்சிட்டு வெளிய போயிட்டாரு. நான் கவனிக்கலன்னு நெனச்சாரோன்னு இருந்தேன். அன்னைக்கே தெரிஞ்சிருச்சு போல மனுசனுக்கு" என்றாள். அவள் அழுவாள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அழவில்லை. "அவர்கிட்ட மறைச்சிட்டோம்னு நான் எம்புட்டுப் பெருமையா இருந்தேன் தெரியுமா" என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் கண்ணில் நீர் நிற்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டு இவ்வளவு பிரியமாக இருக்க முடியுமா என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அன்றே எல்லா டின்களையும் காலி செய்தோம். நான் மோந்து பார்த்துச் சொன்னேன், அவள் ஒதுக்கினாள். முக்கால்வாசி போய்விட்டது. கடையை விட்டுவிட்டு மகளோடு போவதென்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள். இன்று அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். பாத்திரம் பண்டங்களைக் கட்டி முடித்திருந்தாள். உள்ளறைக்குப் போய் ஒரு டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். மூடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அவிழ்த்தால் உள்ளே ஏலக்காய் மூட்டைக்குப் போடும் கறுப்பு பாலிதீன் பை, கழுத்தை இறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தது.

"அவரு மதுரைக்குப் போறதுக்கு முந்தின நாள் போட்டிருந்த சட்டை. வேர்த்து ஊத்தி வந்து ஆணியில மாட்டினாரு. எனக்குத்தான் இப்ப மோந்தாலும் தெரியாது. என்னைக்காவது மூக்கு திரும்பி வந்தா மோந்து பாக்கலாம்னு காத்துப் போகாமக் கட்டி வச்சேன். இன்னும் வரல. நீ மோந்து சொல்லேன். அவரு வாசம் இருக்கா?" என்றாள்.

பையைப் பிரித்தேன். வேர்வை ஈரத்தோடு அடைத்த சட்டை. இத்தனை மழை நாளும் அப்படியே இருந்திருக்கிறது. காலரிலும் கக்கத்திலும் கறுப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பூசண வாசம் ஒன்றுதான் வந்தது. அதற்குள் அண்ணனைத் தேடினேன், இன்னொரு தடவை இழுத்துத் தேடினேன். மனுஷன் அதில் இல்லை. பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாத. உன் மூஞ்சியே சொல்லுது" என்றாள் மதினி. சட்டையை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள். "காயவச்சுத்தான் கட்டணும்னு எனக்குத் தெரியாதா நாத்தனா? ஊருக்கே சொன்னவ நான். வெயில்ல போட்டா வாசம் போயிருமேன்னு பயந்துட்டேன்" என்றாள். அப்போது அழுதாள். அண்ணன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அழுது முடித்துக் கொல்லைக்குப் போனாள். கொடுத்துவிடு, நான் செய்கிறேன் என்றதற்குக் கேட்கவில்லை. தானே சோப்புப் போட்டு, காலரைக் கல்லில் தேய்த்து, அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். அன்று நல்ல வெயில். காயும்வரை இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். காய்ந்ததும் எடுத்து வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இப்ப என்ன வாசம் வருது?"

"சோப்பு வாசந்தான் மதினி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

மதினி தலையாட்டிக்கொண்டாள். "இம்புட்டு நாளா எனக்கு மட்டுந்தான் வரல, சட்டையில அவரு இருக்காருன்னு ஒரு இது இருந்துச்சு. இனிமே யாரு மோந்தாலும் அவரு வரமாட்டாரு" என்றாள். சட்டையை மடிக்கப் பார்த்தாள், மடிப்பு நிற்கவில்லை. நான் வாங்கி மடித்து அவள் பெட்டியில் வைத்தேன்.